பேசுகிற குரலுக்கு ஒரு தாள்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் இசை நாடக மன்றத்தின் தலைவர் ஐயா அவர்களே! எங்கள் டாக்டரம்மாவை இத்தனை வருடம் எங்களுக்கு இரவல் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகச் சாப்பிட்ட அவருடைய கணவர் அவர்களே! வெளியூரிலிருந்து வந்திருக்கும் அவருடைய மகனே, தங்கையே! பல் மருத்துவமனைப் பணியாளர்களே! பல்வலியோடு வந்து பாட்டோடு திரும்பிப் போன நோயாளிகளே! பாடுகிறவர்களே, வாசிக்கிறவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. இதே மேடையில் அதோ அந்த ஓரத்தில், பியானோவுக்கு முன்னால், உங்களுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். பிழைப்புக்குக் கார் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், அதோடுதான் வாசிப்பேன். தலைவர் ஐயா "நீங்கதான் பேசணும்" என்றார். "நான் பேசினா சண்டை போடுற மாதிரி இருக்குமே ஐயா" என்றேன். "பரவாயில்ல, அவங்களோட அதிகமாச் சண்டை போட்டது நீங்கதானே" என்றார். அது உண்மை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு அச்சடித்த நிகழ்ச்சி நிரலில், என் பேச்சுக்குப் பிறகு டீச்சர் பாடுவார் என்று போட்டிருக்கிறது. டீச்சரை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர், எங்கள் நாடகங்களில் அம்மா வேடம் என்றால் அவர்தான். இன்று காலையில் நான் இங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். "என்னால முடியாது அண்ணே. வாயைத் திறந்தா அழுகைதான் வருது. வேற யாரையாவது பாடச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். டீச்சர், நீங்கள் பின்வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. நான் முடிக்கிற வரைக்கும் எழுந்து போய்விடாதீர்கள்.

டாக்டரம்மா இந்த மன்றத்துக்கு என்ன செய்தார்? வெளியாட்கள் கேட்பார்கள். பாடினாரா? இல்லை. நடித்தாரா? ஒரு தடவை கூட்டத்தில் ஒருவராக நின்றார், அதிலும் திரையைப் பார்த்து நின்றார். பியானோ வாசித்தாரா? வீட்டில் வாசிப்பார், மேடைக்கு வரமாட்டார். பிறகு என்னதான் செய்தார்? இசைக்குறிப்புத் தாள் தேர்ந்தெடுத்தார்! பாடுகிறவருக்கு இந்தத் தாள், வாசிக்கிறவருக்கு இந்தத் தாள் என்று எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். அந்த "அவ்வளவுதான்" இல்லாமல் போய், போன வாரத்திலிருந்து இந்த மன்றத்தில் ஒருவருக்கும் கை கால் ஓடவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் இசை நாடகத்தில் வருகிற பாட்டு ஒரே மாதிரியாகத்தான் அச்சாகும் என்று நினைக்காதீர்கள். நாடகம் போடுகிறவர்களுக்கென்று ஒரு கனமான புத்தகம் உண்டு. அதில் வசனம் எங்கே நிற்கிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது, பின்னால் கூட்டம் என்ன பாடுகிறது, எல்லாம் இருக்கும். பியானோக்காரன் அதில் ஒரு வாத்தியக் குழுவையே பத்து விரலில் தூக்கிச் சுமக்க வேண்டும். அதை நாங்கள் மேடைப் புத்தகம் என்போம். அதே நாடகத்தில் பேர் வாங்கின பாட்டுகளை மட்டும் எடுத்து, வீட்டில் வாசிக்கிறவர்களுக்காக எளிதாக்கி, கடையில் விற்கிற புத்தகம் ஒன்று. அது கடைப் புத்தகம். அதில் பாடகர் பாடுகிற மெட்டையே பியானோவின் வலது கையும் கூடவே வாசிக்கும். சுருதியும் வேறாக இருக்கும். பாட்டின் நீளமும் வேறாக இருக்கும். அட்டைப் படம் மட்டும் அச்சு அசல் ஒன்று!

எங்கள் முதல் நாடகத்துக்குப் புத்தகம் வாங்கியவர் டாக்டரம்மா. எனக்கு மேடைப் புத்தகம், பாடகர்களுக்குக் கடைப் புத்தகம். ஒத்திகை தொடங்கியது. தபால்காரர் பாட வேண்டும். அவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார், சாட்சி சொல்வார். நான் என் தாளில் இருந்தபடி ஆரம்பித்தேன். அவர் தன் தாளில் இருந்தபடி ஆரம்பித்தார். கேட்கவா வேண்டும்! ஆள் புதுசு, பயந்துபோய் மேலே மேலே போகிறார் என்று நான் நினைத்தேன். பியானோ ஓட்டை, சுருதி இறங்கிக் கிடக்கிறது என்று அவர் நினைத்தார். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள் பாருங்கள், ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் போனோம். அவர் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். எனக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி. விடாமல் வாசித்து முடித்தேன்.

அப்போது டாக்டரம்மா எழுந்து முன்னால் வந்தார். இரண்டு புத்தகத்தையும் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது. அட்டையைப் பாத்துட்டு உள்ள பாக்காம வாங்கிட்டேன். கன்னத்தைப் பாத்துப் பல்லைப் பிடுங்கின கதை ஆயிடுச்சு" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கடைக்காரர் மேல் பழி போடலாம். அச்சடித்தவர் மேல் போடலாம். ஏன், என் மேலேயே போட்டிருக்கலாம், நான்தான் காது வைத்துக்கொண்டு காது கேளாதவன் மாதிரி வாசித்தேனே! அவர் தன் மேலேயே போட்டுக்கொண்டார். அந்த ஒரு தப்பிலிருந்துதான் அவருடைய வேலையே பிறந்தது.

அதற்குப் பிறகு அவர் கையிலிருந்து ஒரு தாள் எங்களுக்கு வர வேண்டுமென்றால் என்னென்ன தாண்டி வர வேண்டும் தெரியுமா? அவருடைய மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டி சுவரில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நோயாளி இல்லாத நேரத்தில் அதில் கடைப் புத்தகத்துத் தாளையும் மேடைப் புத்தகத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிடுவார். முதல் கட்டம் ஒத்துப்போகிறதா, கடைசிக் கட்டம் ஒத்துப்போகிறதா, நடுவில் எங்கே பிரிகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பார். ஒரு நாள் ஒரு பெரியவர் வாயைப் பிளந்தபடி படுத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார். கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. "டாக்டர், என் பல்லு அத்தனையும் சொத்தையா?" என்று நடுங்கிப்போனாராம். "இது உங்க பல்லு இல்லைங்க ஐயா, தபால்காரரோட பாட்டு" என்றாராம் டாக்டரம்மா. அந்தப் பெரியவர் அப்புறம் எங்கள் நாடகம் ஒன்றையும் விட்டதில்லை. இன்றைக்கும் வந்திருக்கிறார்.

வாசிக்கிறவர்களின் கையை அவரைப் போலப் பார்த்தவர் யார்? எங்கள் இரண்டாவது பியானோ, தையல்காரத் தங்கச்சி. கை சின்னது. மேடைப் புத்தகத்தில் சில இடங்களில் விரலை விரித்தால் எட்டாது. "எளிதான புத்தகம் கொடுத்துடலாமே" என்று குழுவில் சொன்னார்கள். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கை சின்னதுன்னா வாசிப்பு சின்னதுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். தங்கச்சியின் கையைத் தாளின் மேல் வைத்துப் பார்த்து, எட்டாத இடங்களில் மட்டும் ஒரு ஸ்வரத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு, "இதை விட்டுடும்மா, இடது கைல ஏற்கெனவே இருக்கு" என்றார். முழுப் பாட்டும் தங்கச்சிக்கே கிடைத்தது.

எனக்கு? பக்கம் திருப்புகிற தொல்லை. இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கம் முடிந்துவிடும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? அவர் இன்னொரு புத்தகம் வாங்கி, கத்தரிக்கோலால் வெட்டி, இடது கை ஓய்கிற இடத்தில் பக்கம் முடிகிற மாதிரி ஒட்டிக் கொடுப்பார். "நகல் எடுத்துட்டா போச்சு, எதுக்கு இன்னொரு புத்தகம்?" என்று கேட்டால் முறைப்பார். "எழுதினவங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

பாடுகிறவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் வேறு. நாங்கள் எல்லோரும் ஒருவரைப் பார்த்ததும் எவ்வளவு மேலே பாடுவீர்கள் என்று கேட்போம். அவர் அதைக் கேட்கவே மாட்டார். பாடச் சொல்லவும் மாட்டார். பாட்டின் வரியைப் பேசச் சொல்வார். வீட்டில் பேசுகிற மாதிரி, சாதாரணமாக. அவர்கள் பேசும்போது பியானோவில் மெதுவாக ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தொட்டு, அந்தப் பேச்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவார். "ம்ம்… இங்க இருக்கீங்க" என்பார். அங்கிருந்துதான் தாளைத் தேடத் தொடங்குவார். எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்? வாயைத் திறக்கச் சொன்னால் மனிதர்கள் பயப்படுவார்கள், பேச்சுக் கொடுத்தால் தானாகத் திறப்பார்கள் என்று அவருடைய தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது டீச்சரிடம் வருகிறேன். டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சொல்கிற கதைதான்.

போன தடவை நாம் போட்ட நாடகம் எல்லோருக்கும் நினைவிருக்கும். படகுத்துறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. மகள் வேலைக்காகத் தூரதேசம் போகிறாள். படகு கிளம்பும்போது அந்த அம்மா பாடுகிற பாட்டு, "போயிட்டு வா." நாடகத்தின் உயிரே அந்தப் பாட்டுதான். ஒத்திகைக்கு முன்னால் டீச்சருக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை. ஆள் பிழைத்தார், நல்லபடியாக வந்தார். ஆனால் குரலின் மேல்மாடி பூட்டிக்கொண்டுவிட்டது. எங்களிடம் சொல்லவில்லை. ஒத்திகைக்கு வந்தார், பாடினார், "வா" என்று உச்சத்துக்குப் போகிற இடத்தில் காற்றுதான் வந்தது. பையை எடுத்துக்கொண்டு, "வேற ஆளைப் பாருங்க" என்று வெளியே நடந்தார். இன்று காலை சொன்னாரே, கிட்டத்தட்ட அதே சொல்.

குழுவில் பாதிப் பேர் வேறு ஆளைத் தேடலாம் என்றார்கள். டாக்டரம்மா, டீச்சரைத் தன் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். என்னையும் வரச் சொன்னார். அந்தக் காத்திருப்பு அறையில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழைய மின் பியானோ வைத்திருந்தார். அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "டீச்சர், உங்க பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது. போயிட்டு வாடான்னு சொன்னேன்."

"அதையே அப்படியே சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். சத்தமே இல்லை. தொண்டைக்குக் கீழே, நெஞ்சிலிருந்து வந்தது. டாக்டரம்மாவின் விரல் பியானோவில் இடப்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் நின்றது. "இங்க இருக்கீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, பெத்தவ எவளாவது உச்சத்துல நின்னு கத்தி வழியனுப்புவாளா? பாட்டை இங்க இறக்கிடலாம். முதல் சரணத்துக்குக் கடைப் புத்தகம். உங்க வலது கை டீச்சரோட மெட்டையே வாசிக்கட்டும். குரல் தடுமாறினாலும் கூட ஒரு கை இருக்கும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! கடைப் புத்தகத்தை நான் நடைவண்டி என்றுதான் சொல்வேன். குழந்தை தள்ளிக்கொண்டு போகுமே, அது. "இத்தனை வருஷம் வாசிச்சவன் கையில நடைவண்டியைக் கொடுக்கிறீங்களா? எழுதினவன் அந்த உச்சத்தைச் சும்மாவா வச்சான்?" என்று கத்தினேன். இப்போதும் சொல்கிறேன், நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டாக்டரம்மா பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன். "சரிண்ணே. நடைவண்டியை வாழ்நாள் முழுக்கவா தள்ளப் போறோம்? முதல் சரணம் மட்டும் கூடப் போங்க. ரெண்டாவது சரணத்துல மேடைப் புத்தகத்துக்கு மாறிடுங்க. மெட்டை விட்டுட்டுக் கையை எடுத்துடுங்க. அப்ப அவங்க நடப்பாங்க" என்றார்.

அப்படியே செய்தார். பதிப்பகத்துக்கு எழுதி, சுருதி மாற்ற அனுமதி வாங்கினார். இரண்டு புத்தகத்தையும் வெட்டி ஒட்டினார். நாடகம் நடந்த அன்றைக்கு, முதல் சரணத்தில் டீச்சரும் என் வலது கையும் ஒன்றாகப் போனோம். இரண்டாவது சரணத்தில் கையை எடுத்தேன். டீச்சர் நடந்தார்! கடைசி "போயிட்டு வா"வைப் பாடவே இல்லை என்று சொல்லலாம். வாசலில் நின்று சொல்கிற மாதிரி சொன்னார். இந்த அரங்கத்தில் அழாத ஆள் உண்டா? இந்த முரட்டு மெக்கானிக்கே தாள் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தான்.

திரை விழுந்ததும் டாக்டரம்மா ஓடி வந்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். "அண்ணே, ரெண்டாவது சரணத்துக்கு மாறுறப்ப பக்கம் திருப்புற சத்தம் கேட்டுச்சு. அடுத்த தடவை பாத்துக்கணும்" என்றார்! இதுதான் டாக்டரம்மா. இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடாமல் இருப்பது?

கடைசியாக அவரைப் பார்த்தது, அவரே நோயாளியாகப் படுத்திருந்த மருத்துவமனைக் கட்டிலில். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவர் கேட்பாரா? மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அந்தப் பொண்ணு குரலைக் கேட்டீங்களா? கீழ எவ்வளவு கனமா இருக்கு. மன்றத்துக்கு வரச் சொல்லுங்க, நான் தாள் பாத்து வைக்கிறேன்" என்றார். தாள் பார்த்து வைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த நர்ஸ் இன்று வந்திருக்கிறார். வாம்மா. உனக்குத் தாள் பார்க்க வேண்டிய பொறுப்பு இனி எங்களுடையது.

ஆமாம், எங்களுடையது. தலைவர் ஐயா, இதைச் சபையில் வைத்தே சொல்கிறேன். இனி இந்த மன்றத்தில் எவரும் அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்கமாட்டோம். பேசச் சொல்லிக் கேட்காமல் எவருக்கும் பாட்டுக் கொடுக்கமாட்டோம். கை சின்னது, குரல் போச்சு, வயசாச்சு என்று சொல்லி எவரையும் வாசலுக்கு அனுப்பமாட்டோம். அவருடைய கணவர், நம்ம அண்ணன், காத்திருப்பு அறையின் சாவியைக் கொடுத்திருக்கிறார். வெளிச்சப் பெட்டியையும் எங்களுக்கே விட்டுவிட்டார். தையல்காரத் தங்கச்சியும் தபால்காரரும் நானும் அங்கே உட்கார்ந்து தாள் பார்ப்போம். தப்பு வரும். வந்தால் "தப்பு என்னோடது" என்று முதலில் எழுந்து சொல்கிறவரைத்தான் அந்த வேலைக்குத் தகுதியானவர் என்று வைத்துக்கொள்வோம்.

நான் வாழ்நாளில் தாள் தேர்ந்தெடுத்தவன் இல்லை. தாளை முன்னால் வைப்பார்கள், வாசிப்பேன், அவ்வளவுதான். இன்று முதல் தடவையாக ஒரு தாள் தேர்ந்தெடுத்தேன். யாருக்கு?

டீச்சர், காலையில் நீங்கள் "என்னால முடியாது அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, நான் பதில் பேசாமல் நின்றது கோபத்தால் இல்லை. நீங்கள் சொன்னதைக் காதிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, நாற்காலியை அப்படியே போட்டுவிட்டு, நேராகப் பியானோவுக்கு ஓடினேன். ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கமாகப் போனேன், இன்னும் போனேன். நாடகத்தில் பாடினீர்களே, அதைவிடவும் கீழே ஓரிடத்தில் அந்த "முடியாது" உட்கார்ந்திருந்தது. அழுது அழுது குரல் அங்கே இறங்கியிருக்கிறது. அந்தச் சுருதியிலேயே பாட்டை எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் ஏற வேண்டியதில்லை. காலையில் என்னிடம் பேசிய குரல் போதும்.

முதல் சரணத்துக்கு நடைவண்டிதான். நானே கேட்டு வாங்கிக்கொண்ட நடைவண்டி. வலது கை உங்கள் கூடவே வரும். இரண்டாவது சரணத்தில் கையை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு, எடுத்துவிடுவேன். ஆனால் இன்றைக்கு உங்களைத் தனியாக நடக்கவிட மனசு இல்லை. சபையோர்களே, உங்கள் ஒவ்வொருவர் நாற்காலியிலும் ஒரு சின்னத் தாள் இருக்கிறது. பாட்டை எழுதி முடித்த பிறகு வைத்தது. இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பார்த்துக்கொள்ளுங்கள். அதில் "போயிட்டு வா" என்கிற ஒரே ஒரு வரி. பாடத் தெரியாது என்று யாரும் சொல்லாதீர்கள், பேசத் தெரிந்தால் போதும். நான் கையை எடுக்கிற இடத்தில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். டாக்டரம்மா வீட்டு அண்ணே, நீங்களும்.

டாக்டரம்மா, இந்தத் தடவை பக்கம் திருப்புகிற சத்தம் கேட்காது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிவிட்டேன்.

டீச்சர், நான் பியானோவுக்குப் போகிறேன். வாங்க.